அனமூர் குடில்களில் வாழை: ஒரு தொட்டியத்துக்காரரின் குறிப்புகள்

துருக்கியில் வாழைக்குக் கூரை போட்டு வளர்க்கிறார்கள் என்று சொன்னால், திருச்சி மாவட்டத்துத் தொட்டியத்தில் என் பெரியப்பா இன்னமும் சிரிப்பார். எங்கள் காவிரிக் கரையில் வாழைக்கு எதிரி காற்றுதான். ஆடிக் காற்றுக்கு முன்னால் முட்டுக் கொடுத்தாயா, ஐப்பசி கார்த்திகையில் புயல் ஏதும் கிளம்பியிருக்கிறதா என்பதுதான் எப்போதும் பேச்சு. 2018 நவம்பரில் கஜா வந்துபோன பிறகு தாரோடு சாய்ந்து கிடந்த தோட்டங்களைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பயம் புரியும். குளிரைப் பற்றி மட்டும் யாரும் கவலைப்பட்டதில்லை. மார்கழியில் குருத்து கொஞ்சம் சுணங்கி விரியும், தை பிறந்து வெயில் ஏறினால் சரியாகிவிடும்.

துருக்கியின் தென்கரையில் திசு வளர்ப்பு முறையில் வாழை நாற்று தயாரிக்கும் ஓர் ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை கிடைத்தது. நாற்று வாங்கிப்போன விவசாயிகளின் பசுமைக்குடில்களுக்குப் போய், வளர்ச்சியைப் பார்த்துக் குறிப்பெடுத்து வருவது என் பொறுப்பு. அதனால் அலான்யா, காசிபாஷா, அனமூர், போஸ்யாஸி என்று அந்தக் கடற்கரைச் சாலை முழுக்க அலைந்திருக்கிறேன். அதிகம் பழகியது அனமூரில்.

அனமூர் மெர்சின் மாகாணத்தில், வடக்கு அட்சரேகை 36 டிகிரியில் இருக்கிறது. திருச்சி 11-க்கும் கொஞ்சம் கீழே என்பதை நினைத்துக்கொண்டால் தூரம் புரியும். அந்த அட்சரேகையில் வாழைக்கு என்ன வேலை என்று கேட்கலாம். பின்னால் தோரோஸ் மலைத்தொடர் வடக்கிலிருந்து வரும் குளிர்காற்றை மறித்துக்கொண்டு நிற்கிறது, முன்னால் மத்தியதரைக் கடல் குளிர்காலத்திலும் கொஞ்சம் கதகதப்பு தருகிறது. நடுவில் சிக்கிய சின்னச் சமவெளியில்தான் எல்லா வாழையும். தண்ணீருக்குப் பஞ்சமில்லை. அங்கே ஓடும் ஆற்றில் கட்டிய அலாகோப்ரூ அணையிலிருந்து கடலுக்கடியில் குழாய் போட்டு 2015 முதல் வடக்கு சைப்ரஸுக்கே தண்ணீர் அனுப்புகிறார்கள். கடலோரத்து மாமூரே கோட்டைப் பக்கம் நின்று பார்த்தால் ஊரில் வீடு எது, குடில் எது என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். எங்கும் வெள்ளை பிளாஸ்டிக் கூரை.

இது எப்போதும் இப்படி இருந்ததில்லை. எகிப்திலிருந்து அலான்யா பக்கம் அழகுக்காக வந்த செடி, பிறகு தோட்டப் பயிரானது. குட்டையான கேவண்டிஷ் ரகம், விரல் நீளத்துக்குக் காய், ஆனால் வாசனை அபாரம். திறந்த வெளியில், கல் அடுக்கிய படிக்கட்டு நிலங்களில் வளர்த்தார்கள். 1980-களில் இறக்குமதி திறந்துவிடப்பட்டதும் பெரிய பெரிய தென்னமெரிக்கப் பழங்கள் கடைக்கு வந்தன. ஊர்க்காரர்கள் இன்னமும் பெரிய பழத்தை, அது எங்கே விளைந்திருந்தாலும், ஒரு இறக்குமதி பிராண்டின் பெயரால் ‘சிகிதா’ என்றுதான் சொல்கிறார்கள். உள்ளூர் விவசாயி அப்போது கிட்டத்தட்டப் படுத்தே விட்டார். அவரை எழுப்பி உட்கார வைத்தவை இரண்டு: இறக்குமதி வாழைக்குப் போட்ட 145.8 சதவீதச் சுங்க வரி, அப்புறம் பசுமைக்குடில். 2000-ல் நாடு முழுக்க ஏறக்குறைய 64,000 டன் விளைந்தது, 2022-ல் பத்து லட்சம் டன்னை நெருங்கிவிட்டது. குடிலும் ஜி-9 (கிராண்ட் நைன் என்ற கேவண்டிஷ்) ரகமும் சேர்ந்து செய்த வேலை அது. வரியைச் சேர்த்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு, பின்னால் வருகிறேன்.

நான் போய்வந்த குடில்களில் ஒன்றில் வயதான மேஸ்திரி ஒருவர் இருந்தார். எல்லோருக்கும் அவர் ‘உஸ்தா’. படித்துவிட்டு வந்தவன் என்பதால் என்னை ‘ஹோஜம்’ என்பார், வாத்தியாரே என்பது மாதிரி. பழக ஆரம்பித்த புதிதில் ஒருநாள் டீ குடித்துக்கொண்டே கேட்டார்:

“ஹோஜம், உங்கள் ஊரில் குலை எந்த மாதம் தள்ளும்?”

“எந்த மாதமும் தள்ளும் உஸ்தா. எப்போது நட்டோமோ அதைப் பொறுத்தது.”

அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, “அப்படியானால் உங்களுக்கு அங்கே வேலையே இல்லையே” என்றார்.

கிண்டல் என்றுதான் நினைத்தேன். ஒரு குளிர்காலம் கூட இருந்து பார்த்த பிறகு, அவர் சொன்னது நிஜம் என்று புரிந்தது. இந்த மாதிரி மிதவெப்பப் பகுதியில் குடிலில் வாழை வளர்ப்பவருக்கு இருக்கும் பெரிய வேலையே குலை எந்த மாதம் வெளியே வர வேண்டும் என்று தீர்மானிப்பதுதான். உரம், தண்ணீர், பூச்சி எல்லாம் அதற்குப் பிறகு. குடில் போட்டுவிட்டால் குளிர்காலம் ஒழிந்தது என்று நினைத்துப் பணம் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். குளிர்காலம் ஒழியாது. கொஞ்சம் சுருங்கும், அவ்வளவுதான்.

கணக்கு இப்படி. வாழைக்கு 30 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் இலை வேகமாக வரும். 16-க்குக் கீழே இறங்கினால் புது இலை வருவது ஏறக்குறைய நின்றுவிடும். 14-க்குக் கீழே மரம் வளர்வதே இல்லை. 13-க்குக் கீழே காயின் தோல் கெடும். பூஜ்யத்தைத் தொட்டால் இலை கருகும். மேல் பக்கமும் எல்லை உண்டு, 38-ஐத் தாண்டினால் அங்கேயும் வளர்ச்சி நின்றுபோகும். அனமூரில் ஜனவரியின் சராசரி வெப்பமே 11, 12 டிகிரிதான். சூடேற்றாத குடிலுக்குள் பகலில் 25 வரை ஏறும், விடியற்காலையில் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கும். ஆக, குளிர்காலத்தில் மரம் தினமும் சில மணி நேரம் மட்டும் வேலை பார்த்துவிட்டு மீதி நேரம் சும்மா நிற்கிறது. உஸ்தா ஒவ்வொரு வரிசையிலும் ஒரு மரத்தைத் தேர்ந்து, புது இலை முழுதாக விரிந்த அன்று அதன் காம்பில் மார்க்கரால் தேதி எழுதிவைப்பார். ஜூலையில் அந்தத் தேதிகள் வாரத்துக்கு ஒன்றாக நெருங்கி நிற்கும். ஜனவரியில் ஒரு தேதிக்கும் அடுத்ததற்கும் இடையில் ஒரு மாதம் ஓடியிருக்கும். மார்க்கர் ஒன்று போதும், காசே இல்லாத இந்தக் கருவியை நான் எல்லாருக்கும் சிபாரிசு செய்கிறேன்.

இலையை ஏன் எண்ண வேண்டும் என்றால், குலை கண்ணுக்குத் தெரிவதற்கு வெகு முன்பே கட்டைக்குள் உருவாகிவிடுகிறது. எத்தனை சீப்பு என்பது அப்போதே முடிவாகிறது. உள்ளே பூ உருவான பிறகும் பத்துப் பதினோரு இலை வந்துதான் குலை வெளியே தலைகாட்டும். கோடையில் அது இரண்டரை, மூன்று மாதம். இந்தப் பூ உருவாகும் வேளை டிசம்பர், ஜனவரிக் குளிரில் விழுந்துவிட்டால் அந்தக் குலை மே மாதம் வெளியே வரும். சீப்பு குறைவாக, காய்கள் குட்டையாக, ஒன்றோடொன்று ஒட்டிக் கோணலாக. உரம் கொட்டினாலும் திருத்த முடியாது, ஏனென்றால் கெட்டது நாலைந்து மாதத்துக்கு முன்னால். தென்னாப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பருவம் தலைகீழ் என்பதால் இதே கோளாறு அங்கே நவம்பரில் வெளிப்படும். ‘நவம்பர் டம்ப்’ என்று அதற்குப் பேரே வைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது சிக்கல் தொண்டை அடைப்பு. வெளியே வரத் தயாரான குலை, குளிரில் தண்டு நீளாததால் மேலே இலைகள் நெருக்கமாகக் கூடும் இடத்தில் மாட்டிக்கொள்ளும். ஒரு பிப்ரவரியில் அப்படி ஒரு மரத்தைப் பார்த்தேன். மட்டைகளின் பக்கவாட்டைக் கிழித்துக்கொண்டு இரண்டு சீப்பு வெளியே துருத்திக்கொண்டிருந்தது, மீதி உள்ளேயே நசுங்கியிருந்தது. உஸ்தா அரிவாளால் மேலிருந்து கீழாக மட்டையை ஒவ்வொன்றாகப் பிளந்து காட்டினார். உள்ளே காய்கள் வெளுத்து, தட்டையாக, முனையெல்லாம் பழுப்பாக இருந்தன. அந்த மரத்துக்கு ஒரு வருஷம் ஊற்றிய தண்ணீரும் உரமும் போச்சு.

மூன்றாவது, நல்ல குலையே தப்பான மாதத்தில் வருவது. ஜூன், ஜூலையில் தள்ளிய குலை மூன்று நாலு மாதத்தில் வெட்டுக்கு வரும். அக்டோபர் கடைசியில் தள்ளியது குளிர்காலம் முழுக்கத் தொங்கி, வெட்ட ஆறு மாதத்துக்கு மேல் ஆகும். அத்தனை நாளும் அது குளிரை வாங்கிக்கொண்டிருக்கும்.

ஆக, குலை ஜூன் முதல் ஆகஸ்டுக்குள் வெளியே வர வேண்டும். அதற்குக் கையிலிருக்கும் ஒரே பிடி, தாய்மரத்தின் அடியில் முளைக்கும் பக்கக்கன்றுதான். நம்மூரில் மறுதாம்புக்கு, அதாவது அடுத்த சுற்று விளைச்சலுக்கு, விடும் கன்று நன்றாகக் குறுகிய இலையுள்ள ஈட்டிக்கன்றாக இருக்கிறதா என்று மட்டும் பார்ப்போம். அங்கே முதலில் பார்ப்பது தேதி. நான் போய்வந்த குடில்களில் ஜூனை ஒட்டித்தான் கன்றைத் தேர்ந்தெடுப்பார்கள். அது கோடையிலும் இலையுதிர் காலத்திலும் வளர்ந்து, குளிர்காலத்தில் இளமரமாகவே நின்று, மார்ச்சில் மறுபடி கிளம்பி, ஏப்ரல் மேயில் உள்ளுக்குள் பூ கட்டி, ஜூலை ஆகஸ்டில் தள்ளும். பிப்ரவரியிலேயே ஆசைப்பட்டு விட்ட கன்று நவம்பரில் முழு மரமாகி, சரியாகக் குளிரில் பூ கட்டும். செப்டம்பரில் விட்டது அடுத்த வருஷம் பனிக்காலத்தின் வாசலில்தான் தள்ளும். முந்திக்கொண்ட கன்றைத் தரையோடு அறுத்துவிட்டால் அது மறுபடி முளைத்து வரச் சில வாரங்கள் பிந்தும். இப்படி அறுத்தும் விட்டும் ஒரு குடில் முழுவதையும் ஒரே பருவத்துக்குள் கொண்டுவந்துவிடுகிறார்கள். எல்லாக் கன்றையும் வரிசையின் ஒரே பக்கத்தில் விடுவதும் முக்கியம், இல்லாவிட்டால் மூன்று வருஷத்தில் நடக்க வழி இருக்காது. தேர்ந்த கன்று போக மற்றவற்றை வளர விடவே கூடாது. இரண்டு கன்று இருந்தால் இரண்டு தார் என்று கணக்குப் போடுபவர்கள் அங்கேயும் உண்டு. அவர்களுக்குக் கிடைப்பது இரண்டு சவலைத் தார்.

குடில் கட்டுவதைப் பற்றிச் சொல்ல வேண்டியது உயரம் ஒன்றுதான். மற்றதெல்லாம் கட்டுபவருக்கே தெரியும். பழைய குடில்கள் தக்காளி, வெள்ளரிக்குப் போட்டவை, அல்லது குட்டைக் கேவண்டிஷுக்குப் போட்டவை. ஜி-9 குடிலுக்குள் வெளியில் வளர்வதைவிட உயரமாகப் போகும். தண்டு மூன்று மீட்டர், அதற்கு மேல் இலை. கூரையைத் தொடும் இலை கோடையில் வெந்து போகும், குளிர்காலத்தில் அதே இடத்தில் உறைபனி பட்டுக் கருகும். இப்போது கட்டுபவர்கள் ஓரத்திலேயே ஆறு மீட்டருக்குக் குறையாமல் எழுப்புகிறார்கள். உயரத்தில் இன்னொரு லாபம், உள்ளே காற்று அதிகம் இருப்பதால் சூடும் குளிரும் மெதுவாகத்தான் ஏறி இறங்கும்.

அந்தக் கூரை வெயிலையும் குளிரையும் மட்டும் தாங்கவில்லை. முட்டுக் கம்பு கிடையாது. மேலே ஓடும் கம்பியிலிருந்து பிளாஸ்டிக் கயிறு இறக்கி ஒவ்வொரு மரத்தையும் கட்டுகிறார்கள். அங்கே நில அளவு ‘தோனும்’, ஆயிரம் சதுர மீட்டர், நம் கணக்கில் ஏறக்குறைய 25 சென்ட். அதில் இருநூறு மரம். தாருக்கு 40 கிலோ என்று வைத்தால் எட்டு டன். எல்லாம் ஒரே பருவத்தில் தள்ளுவதால் எட்டு டன்னும் ஒரே சமயத்தில் காற்றில் நிற்கிறது. முழுப் பாரமும் கயிற்றுக்கு வராது என்றாலும், அதில் ஒரு பங்கு கூரைச் சட்டத்தில்தான் இறங்கும். கடலிலிருந்து சுழற்காற்று கரையேறுவது அந்தக் கடற்கரையில் அரிதான விஷயமல்ல. 2019 ஜனவரியில் பக்கத்து மாகாணமான அந்தால்யாவில் சூறாவளி ஏகப்பட்ட குடில்களைப் பிய்த்துப் போட்டது. கட்டும்போது இரும்பில் மிச்சம் பிடிப்பவர்களுக்கு இதைச் சொல்லிப் பயமுறுத்துவேன்.

குளிர்கால ராத்திரி தனி விஷயம். சாதாரண பிளாஸ்டிக், தரையிலிருந்து கிளம்பும் வெப்பத்தைத் தடுத்து நிறுத்தாது. மேகமும் காற்றும் இல்லாத ராத்திரியில் மூடிய குடிலுக்குள் வெளியை விடக் குளிர்வதுகூட நடக்கும். முதலில் நான் வெப்பமானி கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். அதற்குத்தான் வெப்பத்தைத் தேக்கும் ரகப் பிளாஸ்டிக் வாங்குகிறார்கள். பக்கத் திரைகளைச் சூரியன் சாய்வதற்கு முன்பே, மூன்று மணி வாக்கில், இறக்கிவிட வேண்டும். ஆறு மணிக்கு மூடினால் குளிரைத்தான் உள்ளே வைத்துப் பூட்டுகிறோம். தரை ஈரமாக இருந்தால் பகல் வெப்பத்தைச் சேர்த்துவைத்து ராத்திரி விடும், காய்ந்த தரையால் அது முடியாது. ஆனால் ஈரம் என்றால் ஈரம்தான், சேறு கூடாது. குளிர்ந்த சேற்றில் வேர் அழுகும். உறைபனி எச்சரிக்கை வந்த ராத்திரிகளில் கிணற்றுத் தண்ணீரைக் கூரைமேல் தெளிப்பானால் ஓடவிடுவார்கள். நிலத்தடி நீர் குளிர்காலத்திலும் வெதுவெதுப்பாக இருப்பதால் பிளாஸ்டிக் உறையாது. மோட்டார் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று ராத்திரி முழுக்க யாராவது ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். விறகு அடுப்பும் வைப்பதுண்டு. வாழை விலைக்கு முழுக் குளிர்காலமும் சூடேற்றினால் கட்டுப்படியாகாது. மரத்தைச் சாகாமல் காப்பாற்றுவதற்குத்தான் அடுப்பு, வளர்ப்பதற்கு இல்லை.

காலையில் இன்னொரு தொல்லை. கூரையின் உட்புறம் கோத்து நிற்கும் நீர் சொட்டுச் சொட்டாக விழும். அந்த ஈரத்தில் காயின் முனையில் ஒட்டியிருக்கும் வாடிய பூ அழுகி, காய் முனை சுருட்டு நெருப்பு அணைந்த சாம்பல் மாதிரி ஆகிவிடும். அதனால் மடல் விலகி, காய் மேல்நோக்கித் திரும்பும் சமயத்தில் ஒவ்வொரு காயின் நுனியிலிருந்தும் பூவைக் கையாலேயே கிள்ளி எடுப்பார்கள். சரியான பக்குவத்தில் தொட்டாலே உதிரும், சில நாள் பிந்தினால் பால் கசிந்து தோலில் கறை விழும். இதைப் பெண்கள்தான் ஏணியில் நின்று செய்வார்கள். அவர்கள் கையில் அந்தக் கறை எந்தச் சோப்புக்கும் போகாது. ஒன்பது, பத்து மணிக்கு வெயில் ஏறியதும் திரையைத் தூக்கி ஈரத்தை வெளியேற்றிவிட வேண்டும். குளிருக்குப் பயந்து நாள் முழுக்க மூடியே வைப்பவர் குடிலில் காய் அழுகுவதை நான் நிறையவே பார்த்திருக்கிறேன்.

கோடை இதற்கு நேர் எதிர். திரையெல்லாம் திறந்திருந்தும் உள்ளே 40 தாண்டும். மதியம் இலையின் இரண்டு பாதிகளும் நடுநரம்பிலிருந்து கீழே மடிந்து தொங்கினால், மரம் வேர்வை சிந்துவதைக் குறைத்துக்கொள்கிறது என்று அர்த்தம். மாலையில் விரிந்துவிட்டால் கவலை இல்லை. காலை பத்து மணிக்கே மடிந்தால் தண்ணீர் போதவில்லை. கூரைக்குச் சுண்ணாம்பு அடிப்பது, நிழல்வலை போடுவது எல்லாம் ஜூனுக்குள் முடிய வேண்டும். முதல் மழையில் சுண்ணாம்பு தானாகக் கழுவிப் போகும்படி நீர்க்கவே அடிப்பார்கள், குளிர்காலத்தில் ஒவ்வொரு கீற்று வெளிச்சமும் வேண்டும்.

குடிலுக்குள் மழை பெய்யாது என்பது சொல்லத் தேவையில்லாத விஷயம் மாதிரித் தெரியும். ஆனால் உப்பைக் கழுவ ஆள் இல்லை என்று அர்த்தம். சொட்டுநீரில் உரம் கரைத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தால், நனையும் வட்டத்தின் விளிம்பில் வெள்ளையாகப் பூக்கும். இலை ஓரம் கருகி, சாம்பல் சத்துக் குறைவு என்று நினைத்து இன்னும் பொட்டாஷ் போட்டவர்கள் உண்டு. வருஷத்தில் ஒன்றிரண்டு தடவை வெறும் தண்ணீரை நிறையப் பாய்ச்சி உப்பைக் கீழே இறக்கிவிட வேண்டும், வடிகால் இருந்தால்தான் அதுவும் பலிக்கும்.

பூச்சியில் சிலந்திப்பேன் ஒன்றைத்தான் பெரிதாகச் சொல்வேன். மழை படாத, வறண்ட சூட்டில் இலையின் அடியில் நரம்போரம் பழுப்பாகப் படரும். புழுதி அதிகமான பாதையோர வரிசையில்தான் முதலில் ஆரம்பிக்கும், அங்கே தினமும் லென்ஸ் வைத்துப் பாருங்கள். நோயில் பயப்பட வேண்டியது வாடல் நோயின் புதிய இனமான டிஆர்-4. துருக்கியிலும் அது பதிவாகியிருக்கிறது. கூரையால் அதைத் தடுக்க முடியாது, மண்ணோடும் கன்றோடும் செருப்போடும் வரும். எங்கள் வண்டி வந்து நின்றாலே சிலர் காலுறை மாட்டச் சொல்வார்கள், மருந்துத் தண்ணீரில் காலை நனைக்கச் சொல்வார்கள். கோபித்துக்கொள்ளாமல் செய்வேன். அவர்கள் செய்வதுதான் சரி.

ஒரு நல்ல செய்தி, வாழைக்கு மகரந்தச் சேர்க்கை வேண்டாம். தக்காளிக் குடிலில் பம்பிள் தேனீயைப் பெட்டியில் வாங்கிவிட வேண்டியிருக்கிறது, இங்கே பூச்சியே நுழையாமல் வலை கட்டினாலும் காய் பிடிக்கும்.

கடைசிச் சீப்பு விரிந்ததும் பூவை ஒடித்துவிடுவார்கள். ஒடித்த பூவெல்லாம் வரிசை நடுவே கிடந்து மக்கும். கிழியாத, தலைவாழை போட்டுச் சாப்பிடலாம் போன்ற இலைகளையும் வெட்டிப் போட்டு மேல் மிதித்து நடப்பார்கள். காற்றுப் படாத குடிலில் இலை ஒன்றுகூடக் கிழிவதில்லை. திருச்சி காந்தி மார்க்கெட்டில் இந்த இலைக் கட்டு என்ன விலை போகும் என்று மனசு தானாகக் கணக்குப் போடும். ஒருநாள் நாலு பூவை வாங்கிக்கொண்டு உஸ்தா வீட்டுக்குப் போய், நரம்பை எடுத்து நறுக்கி, அவர்கள் குடிக்கும் மோரான அய்ரானில் ஊறப்போட்டேன். ஜி-9 பூவில் கசப்பு அதிகம், மோரை ஒருமுறை மாற்ற வேண்டியிருந்தது. கடலைப்பருப்பு கிடைக்காததால் ஊறிய கொண்டைக்கடலையை அரைத்து வடை தட்டினேன். உஸ்தா ஒன்றைத் தின்றுவிட்டு, “இத்தனை வருஷமாக இதை மண்ணில் போட்டுக்கொண்டிருந்தோமா” என்றார். அவர் மனைவி அடுத்த தட்டில் மிளகாயைக் குறைக்கச் சொன்னார். மறுநாளிலிருந்து பூ மறுபடி மண்ணுக்குத்தான் போயிற்று. யாரும் உட்கார்ந்து அத்தனை நரம்பு எடுக்கத் தயாராக இல்லை.

அறுவடை பெரும்பாலும் அக்டோபரிலிருந்து. தாருக்கு மாட்டியிருக்கும் நீலப் பிளாஸ்டிக் உறை காயைக் குளிரிலிருந்தும் உரசலிலிருந்தும் கொஞ்சம் காப்பாற்றும். குளிர் பட்ட தார் மரத்தில் பச்சையாக நன்றாகத்தான் தெரியும். நகத்தால் தோலை மெல்லிசாகச் சீவிப் பாருங்கள், உள்ளே பழுப்புக் கோடுகள் ஓடினால் அந்தக் காய் மஞ்சளாகப் பழுக்காது, சாம்பல் பூத்த மஞ்சளாக மங்கிப்போகும். சுவையில் பெரிய குறை இருக்காது, வியாபாரி விலையைக் குறைக்க அது போதும்.

இதையெல்லாம் கேட்ட பெரியப்பா ஒருநாள் போனில், “ஏம்ப்பா, நம்ம வயல்லயும் அந்த மாதிரி ஒண்ணு போட்டா என்ன? குடிலுக்கு மானியம் தர்றாங்களாமே” என்றார்.

“வேண்டாம் பெரியப்பா. நம்ம ஊர்ல ராத்திரிகூட அந்த அளவு குளிராது. சித்திரையில உள்ள போனீங்கன்னா மரத்தோட நீங்களும் வெந்துடுவீங்க.”

மானியம் கிடைத்தாலும் என் பதில் அதேதான். குடில் வாழை அனமூரில் பிழைப்பது மரத்தின் மகிமையால் மட்டுமல்ல. திறந்த வெளியில் அங்கே விளைச்சல் ஏறக்குறைய பாதிதான், அந்த வித்தியாசம் இரும்புக்கும் பிளாஸ்டிக்குக்கும் ஈடு கொடுக்கிறது. அதற்கு மேல் வரிச்சுவர் ஒன்று ஈக்வடார் பழம் மலிவாக உள்ளே வராமல் தடுக்கிறது. அந்த 145.8 சதவீதத்தை நாளை பாதியாக்கினால் எத்தனை குடில்கள் நிற்கும் என்று அங்குள்ளவர்களே டீக்கடையில் பேசிக்கொள்வார்கள். நம் சமவெளியில் குளிரும் இல்லை, இறக்குமதி வாழையின் போட்டியும் இல்லை. பெரியப்பாவின் பிரச்சினை காற்று. அதற்கு வரப்போரம் நெருக்கமாக அகத்தி போட்டு, சவுக்குக் கம்பை ஆடிக்கு முன்பே கொடுத்தால் குடில் செலவில் ஒரு சின்னப் பங்குதான் ஆகும்.

ஹூஸ்டன், பிரிஸ்பேன் மாதிரி ஊர்களில் இருந்துகொண்டு வீட்டுக் கொல்லையில் சின்னக் குடில் போட்டு நாலு வாழை வைக்க ஆசைப்படுபவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பார்கள். அவர்களுக்குச் சொல்வது இதுதான். ஜி-9 வேண்டாம், குட்டைக் கேவண்டிஷ் வையுங்கள், கூரை உங்கள் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். நண்பர் தோட்டத்துக் கன்றை வாங்காதீர்கள், நோயில்லாத திசு நாற்றாகப் பாருங்கள். ஆஸ்திரேலியாவில் வாழைக்கன்றை இடம் மாற்றுவதற்கே சட்டக் கட்டுப்பாடு உண்டு, விசாரித்துவிட்டுச் செய்யுங்கள். முதல் குளிர்காலத்தில் உரம் போடாதீர்கள், தண்ணீரைக் குறைத்துவிடுங்கள். இலை கருகிப்போனாலும் வெட்டாமல் வசந்தம் வரை விட்டுவையுங்கள், குருத்துக்கு அது போர்வை. எந்த மாதம் கன்று விட்டீர்கள், எந்த மாதம் குலை தள்ளியது என்று எழுதிவைத்தால் இரண்டாவது சுற்றில் உங்கள் ஊருக்கான தேதி தானாகக் கிடைத்துவிடும். பனிக்கு முன் தார் முக்கால் பங்கு திரண்டிருந்தால் மேலும் ஆசைப்படாமல் வெட்டி வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுங்கள். ஒரு சீப்பைப் பழுத்த ஆப்பிளோடு பையில் மூடிவைத்தால் நாலைந்து நாளில் நிறம் மாறும். மீதித் தாரைக் கார் ஷெட்டில் தொங்கவிடாதீர்கள், குளிர்காலத்தில் ஷெட்டுக்குள்ளும் 13 டிகிரிக்குக் கீழே இறங்கும்.